அதிக ஆக்டேன் பெட்ரோல்: நெல்லைச் சீமையில் பெர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் நான்குவழிச் சாலை ஓரங்களிலும் உள்ள பெட்ரோல் பங்குகளில் இப்போது சாதாரண பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே ஆக்டேன் எண் 95 கொண்ட, விலை கூடிய இன்னொரு வகையும் நிற்கிறது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ பொருத்திய கார் ஒன்று உள்ளே நுழைந்தால், “அண்ணாச்சி, நைன்ட்டி ஃபைவ் போட்டிரவா?” என்று ஊழியர் கேட்காமல் விடுவதில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் அதன் பின்னால் பத்துப் பதினைந்து கேள்விகள் வரிசையாக வருகின்றன. காரின் கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே கூடுதல் காசுக்குப் பலன் உண்டு என்பதே கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் பொதுவான நிலைப்பாடு.

ஆக்டேன் எண் எதை அளக்கிறது?

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பொறி வைப்பதற்கு முன்போ, பொறி வைத்த பிறகு சுடர் வந்து சேர்வதற்கு முன்போ, தானாகவே பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது. 1920-களில் எத்தில் நிறுவனத்தில் பணியாற்றிய கிரகாம் எட்கர் இந்த அளவுகோலுக்கு இரண்டு எல்லைகளை வகுத்தார். எளிதில் தானே வெடிக்காத ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்றும், சிறிது அழுத்தினாலே வெடிக்கும் நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெட்ரோல் 95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை எஞ்சினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே அதுவும் நடந்துகொள்கிறது என்று பொருள்.

பொறி வைத்ததும் சுடர் பிளக்கிலிருந்து பிஸ்டனின் ஓரம் நோக்கிச் சீராகப் பரவ வேண்டும். அது பரவிக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் ஒரே நொடியில் வெடித்துவிடுவதைத்தான் நாக்கிங் என்கிறோம். தகரடப்பாவில் சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் கேட்கும். நீண்ட நாள் அப்படியே ஓடினால் பிஸ்டனின் தலைப்பகுதி அரிக்கும், ரிங்குகள் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும்.

அப்படியென்றால் அதிக ஆக்டேன் என்பது அதிக சக்தி இல்லையா?

இல்லை. ஒரு லிட்டர் 100 ஆக்டேன் பெட்ரோலில் இருக்கும் வெப்ப ஆற்றல் ஒரு லிட்டர் 91-இல் இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆக்டேனை உயர்த்தும் எத்தனால் என்ற ஆல்கஹாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் என்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

சக்தி வேறு வழியில் வருகிறது. நாக்கிங் பயம் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், எஞ்சினை வடிவமைப்பவர் அழுத்த விகிதத்தை, அதாவது கலவை சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைக் கூட்டலாம், டர்போவின் அழுத்தத்தைக் கூட்டலாம், பொறியைச் சற்று முன்னதாக வைக்கலாம். மாஸ்டா நிறுவனத்தின் ஸ்கைஆக்டிவ்-ஜி எஞ்சின் ஐரோப்பாவில் 14-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தில் விற்பனைக்கு வந்தது. ஆக்டேன் குறைந்த சாதாரண பெட்ரோலைப் போடும் அமெரிக்கச் சந்தைக்கு அதையே 13-க்கு 1 என்று குறைத்து அனுப்பினார்கள். பெட்ரோலின் எண் எஞ்சினின் வடிவத்தைத் தீர்மானித்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. தொழிற்சாலையில் அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்ட பிறகு, நாம் பங்கில் வேறு எண்ணைப் போடுவதால் அழுத்த விகிதம் மாறப்போவதில்லை.

என் காருக்கு எந்த எண் வேண்டும் என்பதை எங்கே பார்ப்பது?

பெட்ரோல் டேங்க் மூடியின் மேலே உள்ள கதவைத் திறந்து அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பிறகு கையேட்டில் எரிபொருள் என்ற பகுதியைப் படியுங்கள். எண்ணைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் அதற்கு முன்னால் எழுதியிருக்கும் சொல்லையும் கவனிக்க வேண்டும். “குறைந்தபட்சம் 91” என்பது ஒன்று. “95 பரிந்துரைக்கப்படுகிறது, குறைந்தபட்சம் 91” என்பது வேறொன்று. “98 மட்டுமே” என்பது முற்றிலும் வேறு. இரண்டாவது வகையில்தான் சிந்தித்து முடிவு செய்வதற்கு இடம் இருக்கிறது. முதல் வகையில் செலவு வீண், மூன்றாவது வகையில் கஞ்சத்தனம் ஆபத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கர்கள் பேசும் வீடியோக்களில் 87, 91, 93 என்று வரும் எண்கள் நம் பங்கில் எழுதியிருக்கும் ஆர்ஓஎன் எண்கள் அல்ல. ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் எண்), எம்ஓஎன் (மோட்டார் ஆக்டேன் எண்) என்ற இரண்டு சோதனைகளில் நம் பங்கில் எழுதுவது முதலாவதை; அவர்கள் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறத்தாழ நம்முடைய 91. அவர்களுடைய 93 ஏறத்தாழ நம்முடைய 98. “அமெரிக்காவில் இந்தக் காருக்கு 91 போதும் என்கிறான்” என்று சொல்லிக்கொண்டு இங்கே 91 போடுபவர், உண்மையில் அங்கே சொல்லப்பட்டதைவிட நான்கைந்து எண்கள் குறைந்த பெட்ரோலைப் போடுகிறார்.

கையேட்டில் 91 போதும் என்று இருக்கிறது. 95 அல்லது 100 போட்டால் பிக்அப் கூடுமா?

பெரும்பாலும் கூடாது. இன்றைய எஞ்சின்களின் பக்கவாட்டில் நாக் சென்சார் என்ற சிறு உணர்வி திருகப்பட்டிருக்கிறது. நாக்கிங்கின் அதிர்வைக் கேட்டவுடன் கம்ப்யூட்டர் பொறி வைக்கும் நேரத்தைச் சில டிகிரி பின்னுக்குத் தள்ளும், நாக்கிங் நின்றதும் படிப்படியாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். அந்தப் பழைய இடம் என்பது தொழிற்சாலை கம்ப்யூட்டருக்கு வகுத்துக் கொடுத்த பொறி நேர வரைபடத்தின் எல்லை. 91-க்கு என்று அமைத்த கார் 91-லேயே அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், 100 போட்டாலும் அதற்கு மேலே செல்ல அதற்கு அனுமதி இல்லை. வரைபடத்தில் இடம் விட்டு வைத்திருக்கும் சில டர்போ கார்கள் மட்டும், கடும் வெயிலில் அல்லது முழு பாரத்தில், சிறிது வித்தியாசம் காட்டலாம்.

இதை அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ இரண்டு முறை சோதித்துப் பார்த்தது. சாதாரண பெட்ரோல் போதும் என்ற கார்களில் உயர்வகையைப் போட்டபோது குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை என்பது 2016-ஆம் ஆண்டின் முடிவு. உயர்வகை பரிந்துரைக்கப்பட்ட, ஆனால் கட்டாயமில்லாத கார்களை எடுத்துக்கொண்டு 2017-இல் சோதித்தபோது மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடியிருந்தன. காருக்குக் கார் வேறுபாடு இருந்தது. ஆனால் சராசரி இவ்வளவுதான். ‘பறக்குது அண்ணாச்சி’ என்று நண்பர் சொல்லும்போது, அவர் போட்ட பெட்ரோலைவிட அவர் கொடுத்த காசுதான் அதிகம் பேசுகிறது என்பது என் கருத்து.

98 வேண்டும் என்று எழுதியிருக்கும் காருக்குச் சாதாரண பெட்ரோல் போட்டால் எஞ்சின் போய்விடுமா?

ஒரு டேங்க்கில் போய்விடாது. நாக் சென்சார் தன் வேலையைச் செய்யும். பொறி நேரம் பின்னே போகும், டர்போ அழுத்தம் குறையும், காரின் சுறுசுறுப்பு கண்கூடாகக் குறையும். பொறி தாமதமாக வைக்கப்படுவதால் எரிதல் எக்ஸாஸ்ட் பக்கம் நகர்ந்து, வெளியேறும் புகையின் சூடு ஏறும்; அந்தச் சூட்டைத் தணிக்கக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகத் தெளிக்கும்; மைலேஜும் விழும். சென்சார் என்பது நாக்கிங் வந்த பிறகு அதைக் கேட்டுத் திருத்தும் கருவியே தவிர, வராமலேயே தடுக்கும் கருவி அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே வழியில் வேறு கிடைக்காமல் சாதாரண பெட்ரோல் போட நேர்ந்தால், அந்த டேங்க் தீரும் வரை ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல், ஸ்போர்ட் மோடைத் தொடாமல் ஓட்டினால் போதும். பல லட்சம் கொடுத்து வாங்கிய காரை மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. 2025-இல் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ, ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற கார்களை வாங்க எண்ணுபவர், முன்பணம் கட்டுவதற்கு முன்பே கையேட்டின் எரிபொருள் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்து, அந்த வகை பெட்ரோல் தன் ஊர்ப் பங்கில் தவறாமல் கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

நம் ஊர் வெயிலுக்கு அதிக ஆக்டேன் தேவைப்படுமா?

தேவை கூடும் என்பது உண்மை. உள்ளே இழுக்கப்படும் காற்று சூடாக இருந்தால், அழுத்தத்தின் முடிவில் கலவையின் சூடும் அதற்கேற்ப உயர்ந்து, நாக்கிங்குக்கு அருகில் சென்றுவிடும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், வண்ணார்பேட்டை நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்துவிட்டு, மேம்பாலம் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும் டர்போ காரை எண்ணிப் பாருங்கள். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் அதன் இன்டர்கூலர் நின்ற இடத்திலேயே சூடேறிப் போயிருக்கும். அந்த முதல் மிதியில் கம்ப்யூட்டர் பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் கொடுக்கும். 95 பரிந்துரைக்கப்பட்ட காருக்கு 95-இன் பலன் மிகத் தெளிவாகத் தெரிவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். அதே கார் ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலில் தென்காசி சாலையில் போகும்போது அந்த வேறுபாடு கரைந்துவிடும்.

காற்றின் ஈரப்பதம் நாக்கிங்கைச் சற்றுக் குறைக்கும். எனவே ஒரே வெப்பநிலையில், உவரி, கூடங்குளம் கடலோரத்தின் ஈரக்காற்றைவிட நாங்குநேரிப் பொட்டலின் வறண்ட காற்றுதான் எஞ்சினுக்குக் கடினம். உயரமும் கணக்கில் வரும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எஞ்சினின் ஆக்டேன் தேவை குறையும். டர்போ உள்ள எஞ்சின் அந்தக் குறையைத் தானே ஈடு செய்துகொள்வதால் அதற்கு அந்தச் சலுகை பெரிதாகக் கிடைக்காது.

மலையேற்றத்தில் ஆக்டேனைவிட முக்கியமானது கியர். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் சாலையில் உயர்ந்த கியரில் ஆர்பிஎம் குறைவாக வைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் உள்ள சிறு டர்போ எஞ்சினுக்கு மிகத் தீமையான பழக்கம். அந்த நிலையில், பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஒரு தனிவகைப் பாதிப்பு நேரலாம். அதற்கு சிலிண்டரில் கசியும் ஆயில் துளிகளும் காரணமாக இருப்பதால் பெட்ரோலின் ஆக்டேன் மட்டும் அதை முழுதாகத் தடுத்துவிடாது. ஏபிஐ எஸ்பி தரம் கொண்ட எஞ்சின் ஆயில் வந்ததே பெரிதும் இதை மனதில் வைத்துத்தான். ஒரு கியர் இறக்கி ஏறுங்கள்.

இப்போது எல்லாப் பங்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 தானே? அதற்கு ஆக்டேன் எவ்வளவு?

இந்தக் கேள்விதான் பழைய கணக்குகளை எல்லாம் மாற்றிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் ஏறத்தாழ 108.5, அதனுடன் கலக்கும் அடிப்படைப் பெட்ரோலின் ஆக்டேன் 84.4 என்று பெட்ரோலியத் துறை அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது. 20 சதவீதம் கலக்கும்போது ஆக்டேன் 95 அளவுக்கு உயர்கிறது என்பதும் அதே விளக்கத்தில் உண்டு. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலில் சாதாரண பெட்ரோல் 91 என்று இருந்ததை வைத்து எழுதப்பட்ட அறிவுரைகளை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எத்தனால் ஆவியாகும்போது அதிக வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விப்பதும் நாக்கிங்குக்கு எதிரான நன்மையே.

ஆனால் ஆற்றல் குறைவு என்பதை மறக்கக் கூடாது. இ20-க்கு ஏற்ப அமைக்கப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதமும் மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்பது அரசுத் தரப்பு மதிப்பீடு. நடைமுறையில் இதைவிட அதிகம் குறைந்ததாகச் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. இதில் என் முடிவு இதுதான்: 95 போதும் என்ற கார் வைத்திருப்பவர், இ20 கொடுக்கும் ஆக்டேனுக்கு மேல் 95 வகைக்குத் தனியாகக் காசு கொடுக்கும்போது, அவர் வாங்குவது பெரும்பாலும் அதில் சேர்த்திருக்கும் துப்புரவுப் பொருளைத்தான். உங்கள் கார் பழையதாக இருந்து, கையேட்டில் எத்தனால் 5 அல்லது 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இருந்தால், பிரச்சினை ஆக்டேன் பற்றியதே அல்ல. ரப்பர் குழாய்களும் சீல்களும் பற்றியது. அதற்கு ஷோரூமில் பேசுங்கள்.

100 ஆக்டேன் பெட்ரோல் பற்றி என்ன?

இந்தியன் ஆயில் நிறுவனம் எக்ஸ்பி 100 என்ற பெயரில் 2020 டிசம்பரில் அதை அறிமுகப்படுத்தியது. மதுரா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து முதலில் 10 நகரங்களுக்கு மட்டும் சென்றது. மற்ற எண்ணெய் நிறுவனங்களும் 97, 99, 100 என்று தங்கள் வகைகளை வைத்திருக்கின்றன. ஆனால் இவை பெருநகரச் சரக்கு. நம் பக்கத்துக்கு எளிதில் கைக்கு வருவது 95 வகைதான். எக்ஸ்பி 100 எத்தனால் கலக்காதது என்று அறியப்பட்டிருப்பதால், ஆக்டேனுக்காக அல்லாமல் எத்தனாலைத் தவிர்க்கவே அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். வாங்குமுன் பங்கிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்னைக்குப் போகிற தம்பியிடம் கேன் கொடுத்து வாங்கிவரச் சொல்லலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடாது. மூடிய காருக்குள் பத்து மணி நேரம் பெட்ரோல் கேனை வைத்து, வெயிலில் 600 கிலோமீட்டர் வருவதற்கு ஈடாக எந்த ஆக்டேனும் இல்லை.

காசுக் கணக்கு கட்டுபடியாகுமா?

சாதாரணம் லிட்டர் 100 ரூபாய், 95 வகை 107 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஏறத்தாழ 15 கொடுத்தால்தான் கூடுதல் ஏழு ரூபாய் திரும்பி வரும். ஏஏஏ சோதனையில் கிடைத்த 2.7 சதவீதம் கிடைத்தால் 14.4-தான் வரும், பாதிகூடத் திரும்பவில்லை. 100 ஆக்டேன் 160 ரூபாய் என்றால், அதே கார் 22-க்கு மேல் கொடுக்க வேண்டும், அது நடக்காது. எனவே மைலேஜில் காசைத் திரும்ப எடுக்கலாம் என்று யாரும் இதை வாங்க வேண்டாம். பரிந்துரைக்கப்பட்ட எண்ணைப் போட்டு, எஞ்சினின் முழுத் திறனையும் பாதுகாப்பையும் வாங்குகிறேன் என்று தெரிந்தே கொடுத்தால் அது நியாயமான செலவு.

91 போதும் என்ற கார் வைத்திருக்கும் இளைஞர் என்னிடம் கேட்டால், வருடம் முழுதும் இந்தக் கூடுதல் காசைச் சேர்த்து நல்ல டயர் வாங்கச் சொல்வேன். கேடிசி நகர் வளைவில் மழை நாளில் அதன் பலன் தெரியும்.

ரீமேப் செய்த காருக்கு?

இங்கேதான் பதில் தலைகீழாகிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் என்பது காரின் கம்ப்யூட்டரில் வேறொரு ஃபைலை ஏற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவதும் பொறி நேரத்தை முன்னே தள்ளுவதும் தான். தொழிற்சாலை விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியை எடுத்துச் சக்தியாக மாற்றிவிடுகிறார்கள். அந்த ஃபைலை எந்த ஆக்டேனுக்கு எழுதினார்களோ அதற்குக் குறைவாக ஒருபோதும் போடக் கூடாது. ஃபைலை வாங்கும்போதே, இது எந்த ஆர்ஓஎன் எண்ணுக்கு எழுதப்பட்டது, இந்திய பெட்ரோலில் வெயில் காலத்தில் சோதிக்கப்பட்டதா என்ற இரண்டையும் கேளுங்கள். ஐரோப்பாவின் 98-க்கு எழுதிய ஃபைலை இங்கே கொண்டுவந்து ஏற்றி, நம் சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் முழு வேகத்தில் இழுப்பது எஞ்சினைச் சூதாட்டத்தில் வைப்பதற்குச் சமம். உத்தரவாதமும் போய்விடும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் அங்கும் தகராறு வரும்.

விலை கூடிய பெட்ரோலில் உள்ள துப்புரவுப் பொருள் எஞ்சினைச் சுத்தப்படுத்துமா?

இன்ஜெக்டர்களின் முனையில் படியும் கரியைக் குறைக்க உதவும். பெட்ரோலை இன்டேக் பாதையில் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ எஞ்சின்களில் இன்டேக் வால்வுகளும் கழுவப்படும். ஆனால் பெர்ஃபார்மன்ஸ் கார்களில் பெரும்பாலானவை சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பெட்ரோல் இன்டேக் வால்வின் பின்புறத்தைத் தொடுவதே இல்லை. அங்கே பிடிக்கும் கரியை எந்த விலை பெட்ரோலும் கழுவாது. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில், பாச்சை உருண்டை இவையெல்லாம்?

பூஸ்டர் பாட்டிலில் “4 பாயின்ட் உயரும்” என்று எழுதியிருந்தால், பாயின்ட் என்பது பல நேரங்களில் ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 91 என்பது 91.4 ஆகும். ஃபெரோசின் போன்ற இரும்புச் சேர்மங்கள் கலந்தவை ஸ்பார்க் பிளக்கில் செங்காவி நிறப் படிவை விட்டுச் செல்லும். பிளக்கைக் கழற்றும்போது மெக்கானிக்கே கண்டுபிடித்துவிடுவார்.

பாச்சை உருண்டை என்பது நம் அப்பா காலத்து பைக் வித்தை. பழைய நாப்தலீன் உருண்டைக்கு ஆக்டேனைச் சிறிது உயர்த்தும் குணம் இருந்தது உண்மை. ஆனால் அது கரைந்தும் கரையாமலும் படிந்து ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். இன்று கடைகளில் விற்கும் உருண்டைகளில் பல குளோரின் சேர்ந்த வேறு வேதிப்பொருளால் ஆனவை. எரியும்போது அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும். பாச்சையை விரட்ட அலமாரியில் போடுங்கள், டேங்க்கில் வேண்டாம்.

என் காரில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா என்று நானே சோதிக்க முடியுமா?

முடியும், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்றும், கைப்பேசியில் அதற்கான செயலியும் போதும். திரையில் பொறி நேரம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, டர்போ அழுத்தம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கை ஏறக்குறையக் காலியாக்கிய பின் புதிய வகையை நிரப்பி, கம்ப்யூட்டர் பழகிக்கொள்ள முதல் டேங்க்கைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டு, இரண்டாவது டேங்க்கிலிருந்து பாருங்கள். ஒரே ஏற்றத்தில், ஒரே கியரில், ஒரே ஆர்பிஎம்மில் இழுக்கும்போது, காற்றின் வெப்பநிலை சமமாக இருந்தும் பொறி நேரம் சாதாரணத்தில் 8 டிகிரியும் உயர்வகையில் 11 டிகிரியும் (எண் கூடினால் பொறி முன்னதாக வைக்கப்படுகிறது) காட்டினால், உங்கள் கார் அந்த ஆக்டேனை உபயோகிக்கிறது என்று பொருள். இரண்டிலும் ஒரே எண் வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளலாம்.

மைலேஜை அளக்கும்போது நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் மேல்காற்று, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தில் உங்கள் காரையும் எதிர்க்கும். தெற்கே போகும்போது ஒரு டேங்க்கும் திரும்பி வரும்போது இன்னொரு டேங்க்கும் என்று ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது காற்றையே தவிர பெட்ரோலை அல்ல. போக வர ஒரே நாளில் ஓட்டி, ஒரே பங்கில், ஒரே நாசிலில், தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரை வைத்துக் கணக்கிடுங்கள். டேஷ்போர்டு காட்டும் சராசரியை நம்ப வேண்டாம்.

95 போட்டும் நாக்கிங் கேட்கிறது. ஏன்?

ஆக்டேனைக் குறை சொல்வதற்கு முன் பெட்ரோலின் தூய்மையைப் பாருங்கள். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரசரவென்று இறங்கிவிடும். பங்கில் ஃபில்டர் தாள் சோதனை கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. நாசிலின் முனையைத் துடைத்துவிட்டுத் தாளில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் ஆவியாகி, தாளில் கறை இல்லாமல் போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கான வட்டம் தங்கினால் சந்தேகப்படலாம். அடர்த்திமானியையும் வெப்பமானியையும் கேட்டு, 15 டிகிரி வெப்பத்துக்கு மாற்றிய அடர்த்தி எண்ணை அன்றைய பதிவேட்டு எண்ணுடன் ஒப்பிடலாம். இரண்டுக்கும் இடையே 3-க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது.

மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் சேரும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீருடன் அடியில் போய்த் தங்கிவிடும். மேலே நிற்பது எத்தனால் தந்த ஆக்டேனை இழந்த பெட்ரோல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையெங்கும் தண்ணீர் நின்ற பிறகு பங்குகளில் தண்ணீர்ச் சோதனை கேட்டுப் போட்டவர்கள் செய்தது மிகச் சரியான காரியம். பெட்ரோல் நன்றாக இருந்தும் சத்தம் நிற்காவிட்டால், ஸ்பார்க் பிளக்கின் வெப்ப வகை, சிலிண்டரில் பிடித்த கரி, கூலன்ட் அளவு என்று வொர்க்‌ஷாப்பில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

துபாயில் வேலை பார்க்கிறேன். அங்கே 98 போட்டுப் பழகிவிட்டேன். ஊரில் உள்ள கார் எட்டு மாதம் நிற்கும். எதைப் போட்டு நிறுத்துவது?

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இந்தக் கேள்வி இல்லாத தெரு குறைவு. அமீரகத்தில் 91, 95, 98 என்று மூன்று வகை இருப்பதும், அங்குள்ள விலையில் 98 போடுவது பெரிய பாரமாகத் தெரியாததும் உண்மை. ஆனால் அங்கேயும் 91 போதும் என்ற காருக்கு 98 வீண்தான்.

நிற்கப்போகும் காருக்கு ஆக்டேன் முக்கியமில்லை, எத்தனாலும் ஈரமும்தான் முக்கியம். டேங்க்கில் காற்றுக்கு இடம் குறைவாக இருந்தால் ஈரம் சேர்வதும் குறையும் என்பதால், புறப்படும் வாரத்தில் முழுதாக நிரப்பி, ஃப்யூவல் ஸ்டெபிலைசர் கலந்து, இருபது நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். வீட்டில் தம்பியோ மச்சானோ இருந்தால், வாரம் ஒருமுறை நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பதற்குப் பதிலாக, மாதம் ஒருமுறை அம்பாசமுத்திரம் வரை போய் வரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், டேங்க்கில் மிச்சமிருக்கும் பழைய பெட்ரோலில் ஸ்போர்ட் மோடைப் போட்டு மிதிக்க வேண்டாம். ஓட்டிப் பாதியாக்கி, புதிதாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

95-ஐயும் சாதாரணத்தையும் ஒரே டேங்க்கில் கலக்கலாமா?

கலக்கலாம். எண்கள் வேறுபட்டாலும் கவலையில்லை; பாதிக்குப் பாதி 91-உம் 95-உம் கலந்தால் ஏறத்தாழ 93 கிடைக்கும். கம்ப்யூட்டர் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். டீசல் மட்டும் கலந்துவிடக் கூடாது. அவசரத்தில் நாசில் மாறிப்போனால், சாவியைத் திருப்பாமல், ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல், பங்கிலேயே காரைத் தள்ளி ஓரம் கட்டி மெக்கானிக்கை வரவழையுங்கள்.